கவுதாரிக்கு விட்ட களை

வல்லத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் செந்தாமரைக்குக் காலையில் காபி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பறவை பார்க்காமல் இருக்க முடியாது. மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்றால் நின்றதுதான். வாலாட்டிக் குருவி எந்த வாரம் வந்தது, பனங்காடை எந்தக் கம்பியில் உட்காரும், எல்லாம் அத்துப்படி. கேட்கத்தான் ஊரில் ஆளில்லை. "எத்தினி தபா பாத்தாலும் குருவி குருவிதாண்டி" என்பாள், களை வெட்ட வரும் சின்னபொண்ணு.

மாசி பிறந்து களைவெட்டு நடந்தபோது மல்லாட்டைக்கு நடுவே ஒரு கவுதாரி ஏழு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அடைகாக்கும் இடத்தைச் சுற்றிப் பாய் அகலத்துக்குக் களையை அப்படியே விட்டுவிடுவது செந்தாமரை நிலத்தில் வழக்கம். கேலி பேசும் சின்னபொண்ணே அந்த இடம் வந்ததும் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனாள். இன்னும் நாலைந்து நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும் என்று செந்தாமரை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து ராஜ்குமார் வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் பச்சை உடுப்பு, முழங்கை நீளத்துக்குக் கேமரா. "அக்கா, இங்க என்னென்ன பறவை இருக்குது?" என்று கேட்டான். இருபது வருஷத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டியவள், போன் நம்பரையும் கொடுத்து, கூட்டையும் காட்டிவிட்டாள். அதற்குள் பக்கத்துத் துண்டில் போட்டிருந்த கேப்பைக்கு மடை திருப்ப வேண்டியிருந்தது.

"கிட்ட போவாதீங்க தம்பி. தோ, வந்துடறேன்."

திரும்பி வந்தவள் திகைத்துப் போனாள். கூட்டைச் சுற்றி ஒரு புல் இல்லை. மொட்டையடித்த தரையில் ஏழு முட்டையும் வெயிலில் கிடந்தன. அவளுடைய களைக்கொத்தே அங்கே கிடந்தது. பறவையைக் காணோம். ராஜ்குமார் குப்புறப் படுத்திருந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"புல்லு மறைச்சிதுக்கா, க்ளியரா விழல. நாலு புல்லுதானே? இந்த எக்ஸ்பிரஷன் பாருங்க."

கேமராவில் கவுதாரி கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பயத்தில் செத்துக்கொண்டிருக்கும் உயிருக்கு இவன் வைத்த பேர் எக்ஸ்பிரஷன். செந்தாமரை கேமராவைக் கையால் தள்ளினாள். "போ தம்பி, மொதல்ல கெளம்பு" என்றாள். எதற்கு விரட்டுகிறாள் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

வெட்டிப்போட்ட களையை அள்ளிவந்து சுற்றிலும் நட்டுப் பார்த்தாள். உச்சிக்குள் அதெல்லாம் துவண்டு விழுந்தது. கவுதாரி வேலியோரம் கத்திக்கொண்டே திரிந்ததே தவிர, கிட்டே வரவில்லை. மறுநாள் விடிந்து போனால் காக்காய்கள் எழும்பிப் பறந்தன. இரண்டு முட்டை ஓடும் மஞ்சள் கறையும்தான் மிச்சம்.

அவனை நாக்கூசும் வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டி முடித்த பிறகும் அருவருப்பு போகவில்லை. ஒருத்தன் மதித்துக் கேட்டதும் பல்லை இளித்துக்கொண்டு கூட்டைக் காட்டியது யார்? தன்னை நினைத்தாலே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ராஜ்குமாரிடமிருந்து போன் வந்தது. சின்னபொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து களைக்கொத்துக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போட்டோவுக்கு செம ரெஸ்பான்ஸ்! வேற கூடு எதுனா இருக்குதா? ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரைக் கூட்டிக்கினு வர்றேன்."

"இல்லீங்க. எங்க ஊர்ல பறவையே கெடையாது. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி இப்பிடிச் சொல்லிட்ட? அப்ப ஓடைப் பக்கம் ஒண்ணு அடைகாக்குதுன்னு நேத்து சொன்னியே?"

"எந்த ஓடை?" என்றாள் செந்தாமரை. "நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்கல."