எங்கள் ஊர் மாப்பிள்ளை

மாமாவுக்குப் பந்தடி என்றால் பைத்தியம். மொன்றியலில் கோடைதோறும் புலம்பெயர்ந்த தமிழர்களின் ஊர்ச்சங்கங்களுக்கிடையே நடக்கும் உதைபந்துப் போட்டியில் எங்கள் ஊர் ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த வருஷம் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் ஒரு பொஸ்னியாக்காரர் குடிவந்தார். சண்டைக்கு முன் தன் நாட்டின் முதல்தரக் கழகமொன்றில் நடுக்களத்தில் ஆடியவர். இங்கே மாமாவோடு கோழித் தொழிற்சாலையில் பெட்டி தூக்கினார். மாமா விடுவாரா?

ஆனால் போட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆடுபவர் ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது ஊருக்கு மாப்பிள்ளையாக வந்திருக்கவேண்டும். "எங்கட மாப்பிள்ளைதான், தங்கச்சிக்குப் பேசியிருக்கு" என்று மாமா ஒருவரையும் கேட்காமல் சொல்லிவிட்டு வந்துவிட்டார். தங்கச்சி என்றது என் சின்னம்மாவை. அவருக்கோ டொரொன்டோவில் ஒரு எஞ்சினியரைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மாவும் பொஸ்னியாக்காரரும் ஒரே பிரெஞ்சு வகுப்பு. மாடிப்படியில் நின்று ஓட்டைப் பிரெஞ்சில் கதைப்பார்கள். அமெரிக்கக் கழகமொன்றின் ஆள் அவருடைய ஆட்டத்தைப் பார்க்க வருகிறான், திரும்பப் பந்தடிக்குப் போக அவருக்கு இதை விட்டால் வழியில்லை என்று எங்களுக்குச் சொன்னதும் சின்னம்மாதான்.

இறுதி ஆட்டத்தில் முதல் பாதி முடியும்போது ஒரு கோல் பின்னால் நின்றோம். அமெரிக்க ஆள் அப்போதுதான் ஆடியசைந்து வந்து சேர்ந்தான். அதே நேரம் எதிரணி சண்டைக்கு வந்தது. வெள்ளைக்காரனை ஊர் மாப்பிள்ளை என்றால் நாங்கள் என்ன பேயர்களா என்று கேட்டார்கள். எந்நேரமும் வாய் ஓயாத மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டித் தலைவர் நேரே சின்னம்மாவிடம் வந்தார்.

"பிள்ளை, உன்ர வாயால சொல்லு. இவரைக் கட்டப்போறியோ?"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ஓம் என்றால் டொரொன்டோச் சம்பந்தம் அன்றோடு சரி. இல்லையென்றால் அவர் கால் சப்பாத்தைக் கழற்றவேண்டியதுதான். அம்மா என் கையை நோகப் பிடித்தார். சின்னம்மா, புல்லில் இருந்தபடி ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

என்ன கேட்டார்கள் என்று அவர் பிரெஞ்சில் விசாரித்தார். ஒன்றுமில்லை, போய் விளையாடுங்கள் என்று சின்னம்மாவும் பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவர் ஆடியதை வெறும் ஆட்டம் என்று சொல்லக்கூடாது. எங்களை வெல்லவைத்த இரண்டு கோலும் அவர் எடுத்துக் கொடுத்த பந்தில்தான் விழுந்தன. அமெரிக்க ஆள் தானே நடந்துவந்து அவருக்குக் கைகொடுத்தான். கோடை முடியுமுன் அவர் எங்கள் வீட்டுக்கு ஏறிவந்து, எல்லோருக்கும் கைகொடுத்து, பெட்டியோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டுப் போனார்.

டொரொன்டோவிலிருந்து பிறகு போனே வரவில்லை. அது மட்சுக்காகச் சொன்ன பொய் என்று மாமா ஊரெல்லாம் போன் போட்டுக் களைத்தார். ஒருவரும் நம்பவில்லை. எனக்கோ சரியான பெருமை. அப்படியொரு பொய்யை எங்கள் குடும்பத்தில் வேறு யாரால் சொல்லமுடியும்?

"எப்பிடிச் சின்னம்மா முகம் மாறாமல் பொய் சொன்னீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"நான் பொய் சொன்னன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

வெற்றிக்கிண்ணம்தான் வீட்டுக்கு வந்தாயிற்றே, இனியும் எதற்கு இந்த நடிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.