அக்காள் மன்னிப்புக் கேட்கவில்லை

அக்காள் கண்ணை மூடிய அன்று அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மாள், எதிர்வீட்டு ராவுத்தரம்மாள். நாங்கள் நாலு பேர்தான். சபை மூப்பர் அங்கே இல்லை. அக்காள் கடைசியில் மனந்திரும்பி மன்னிப்புக் கேட்டதாக அவர் சொல்லி வருவதால் இந்த நினைவு மலரில் இதை முதலிலேயே எழுத வேண்டியதாயிற்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் பிறந்தது திருமங்கலத்துக்குப் பக்கம். எங்கள் தகப்பனார் தவறியதும் மதுரைக்கு வந்து, மில்லில் நூல் சுற்றி என்னை வளர்த்தார்கள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே அத்தான் இறந்துபோனார். மிச்சம் ஒரே மகன். ஒன்பது வயதில் அவனுக்கு வாந்திபேதி கண்டது. அக்காள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் சாட்சி சொல்லும் நேரத்தில் அக்காள் எழுந்தார்கள். வழக்கமான ஸ்தோத்திரம் வரும் என்று எல்லோரும் தலையைக் குனிந்தோம்.

"ஆண்டவரே, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? அம்புட்டுக் கெஞ்சுனனே, காதுல விழலயா?"

ஜெபம் என்றால் 'தேவரீர்' என்றே கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். மூப்பர் எழுந்துவிட்டார்.

"ஏத்தா, ஆண்டவரப் போயி நீ வா போன்னு பேசுற? மருவாதியாப் பேசு."

"எம்புள்ளையத் தூக்கிட்டுப் போகையில அவரு எங்கிட்ட மருவாதியாக் கேட்டாராய்யா?"

சபையார் முன் மன்னிப்புக் கேட்கும்வரை அக்காளுக்கு இராப்போஜனம் கிடையாது என்று முடிவு செய்தார்கள். அக்காள் கேட்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. மற்றவர்கள் இராப்போஜனத்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் போகும்போது பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலோ தினமும் ஆண்டவரோடு சண்டை. எனக்குப் பயம். தெருவுக்குக் கேட்டுவிடுமே, இதற்காக இன்னும் ஏதாவது வந்துவிடுமே என்று ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவேன்.

"எதுக்குடா சாத்துற? அவருக்குச் சன்னல் வழியாத்தான் கேக்குமாக்கும்?" என்று சிரிப்பார்கள்.

"வேணாங்க்கா. பேசாம இருங்க."

"அவர்ட்டதானடா புள்ளைய ஒப்படைச்சேன்? பெறகு எதுத்த வீட்டுலயா போயிக் கேக்க?"

கடைசி நாளும் அதே பேச்சுத்தான். "இன்னும் நீ பதில் சொல்லல. நானே நேர்ல வாரேன், இரு" என்றார்கள். பிறகு பேச்சில்லை. நாங்கள் நாலு பேரும் கேட்டது இவ்வளவே.

கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். வருஷம் திரும்பும் நேரம், கல் வைக்க அனுமதி கேட்டு மூப்பரிடம் போனேன்.

"மலர்ல 'மனந்திரும்பி இளைப்பாறினார்'னு போட்டுரு மாப்ள. கல்ல வச்சுக்க. ஒரு வரிதான?" என்றார்.

பல நாள் தூக்கமில்லை. போடாவிட்டால் அக்காள் தலைமாட்டில் கல் இல்லை. போட்டால் அக்காள் அத்தனை வருஷம் பேசியது பொய். போடவில்லை. பெற்றவள் ஆண்டவரிடம் கேட்டதற்கு மனிதர்கள் ஏன் குறுக்கே வந்தார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆண்டவர்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்காளின் முகம் துடைத்துவிட்ட ராவுத்தரம்மாளுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் வந்த நர்ஸம்மாளுக்கும், பெட்டி சுமந்த மில் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் வெட்டி முடித்த கல் மேலூரில் கல்தச்சர் வாசலில் கிடக்கிறது. வைக்க விட்டாலும் விடாவிட்டாலும் அது அக்காளின் கல். கல்தச்சருக்கு நான் தர வேண்டியது இன்னும் பதினோரு ரூபாய்.