ஒரே படிவத்தில் பதினேழு பேர்

ஊர்காவற்றுறைப் பக்கம் விதானையாக, அதாவது கிராம அலுவலராக, நான் பொறுப்பெடுத்த முதல் மாதமே செய்த கூத்து இது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் வாசித்துவிட்டு என்னைத் திட்டலாம். திட்டவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவரின் வீட்டில் ஒரு கூட்டம் சேர்ந்து வாழ்ந்தது. சமைக்கும் குசினி பொது, தோட்டம் பொது, எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. தலைவரை எல்லோரும் "அப்பா" என்றார்கள், அவரைவிட மூத்த கிழவர் உட்பட. குடும்ப விபரம் எடுக்கப் போனேன். உட்காரக் கதிரை போட்டு இளநீர் தந்தார்கள்.

"நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம், தம்பி," என்றார் அப்பா.

பட்டதாரி மூளை மயங்கிவிட்டது. பதினேழு பேரையும் ஒரே படிவத்தில் போட்டு, குடும்பத் தலைவர் என்று அவர் பெயரை எழுதினேன். ஒருவரையும் தனியாகக் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் அங்கிருந்து சுகந்தி அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, வதிவிடச் சான்றிதழ் ஒண்டு வேணும். வவுனியாவில வேலை கிடைச்சிருக்கு. இனி அங்க இருக்க ஏலாது."

"குடும்பத் தலைவரிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ அக்கா."

அப்படி ஒரு சட்டமே கிடையாது! நானே எழுதிய பெயரை நானே சட்டமாக்கினேன். அக்கா போனார். திரும்பி வரவில்லை.

மாதக் கூட்டத்தில் பக்கத்து ஊர் விதானை அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"உமக்கு விசரோ? தப்பி வந்தவளைப் பிடிச்சு அந்தாளிட்டையே குடுத்திருக்கிறீர்!"

அப்படியே மோட்டார்சைக்கிளை எடுத்து அந்த வீட்டுக்குப் போனேன்.

"சுகந்தி பத்து நாளா மௌன விரதம். ஒருத்தரோடையும் கதைக்க மாட்டா," என்றார் அப்பா.

என்னிடம் வந்ததற்கான தண்டனை அது. இனி அவரை மரியாதையாக 'நீங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவ கதைக்கத் தேவையில்லை. சான்றிதழ் விண்ணப்பத்தில கையெழுத்துப் போட்டாப் போதும். அவவின்ர அடையாள அட்டையையும் எடும்."

"அட்டையள் அலுமாரியில பொதுவாக் கிடக்கும், தம்பி. இஞ்ச ஆருக்கும் தனிச் சொத்து இல்லை."

"அதில இருக்கிற முகமும் பொதுவோ? எடுக்கிறீரோ, பொலிசோட வரட்டோ?"

அட்டை வந்தது. அக்காவும் வந்தார். கையெழுத்துப் போட்டார். பத்து நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"தம்பி, மோட்டார்சைக்கிள்ல இடமிருக்கோ?"

சான்றிதழைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அப்பாவின் அட்டை மட்டும் அவருடைய சட்டைப் பையில் என்று வழியில் அக்கா சொன்னார். மிச்சம் பதினைந்து இன்னும் அந்த அலுமாரிக்குள். நாளைக்கு மறுபடியும் போகிறேன், பதினைந்து படிவங்களோடு. ஒரு படிவத்தில் ஒரு பெயர்தான். ஒவ்வொருவரையும் வாசற் படலைக்கு வெளியே கூப்பிட்டு, தனியாகக் கேட்டுத்தான் எழுதுவேன்.