முப்பத்தோராம் நாளும் என் மஞ்சட் கையும்

கோதுமை மாவும் பாண் ரொட்டியும் தட்டுப்பாடாகி, ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த எழுபதுகளின் ஓர் ஆவணி மாதம். ஊர்காவற்றுறையில் ஒரு தபாற் கந்தோர். புளியங்கூடலில் இருந்து சைக்கிள் மிதித்துப் போய், அங்கே முத்திரை விற்பதுதான் என் உத்தியோகம்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்து முதற்பிள்ளை பிறந்திருந்தாள். மனைவி பிள்ளையோடு தாய்வீட்டுக்கு, அனலைதீவுக்குப் போயிருந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பஞ்சாயுதப் பதக்கம் கட்டியபிறகுதான் தகப்பன் பிள்ளையைக் கையில் வாங்கலாம் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பதின்மூன்று வருடம் காத்திருந்தவனுக்கு அந்த முப்பது நாள்தான் பெரிய பாடாக இருந்தது. தனியே இருந்த எனக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றுதான்: பூசணிக்காயை வெட்டி, உப்புப் போட்டு அவிப்பது. ஆகவே காலையில் கிணற்றடிப் பப்பாப்பழம், மத்தியானம் பூசணிக்காய், பின்னேரம் வளவில் விழுந்த பனம்பழத்தைச் சுட்டு ஒரு சூப்பல். ராசா மாதிரி இருந்தேன்.

முப்பதாம் நாள் காலை. பின்னேர லோஞ்சுப் படகில் அனலைதீவுக்குப் போக லீவு எடுத்தாயிற்று. பஞ்சாயுதம் காற்சட்டைப் பையில் இருந்தது. சீட்டியடித்தபடி முத்திரை கிழித்துக் கொடுத்தேன். வாங்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் முத்திரையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதென்ன கை? உமக்குச் செங்கமாரி, மஞ்சட்காமாலை!"

பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் மஞ்சள் அரைத்த அம்மி போல இருந்தன. அவ்வளவுதான், வரிசையில் நின்ற அத்தனை பேரும் வைத்தியர்களானார்கள். கீழ்காய்நெல்லி என்றார் ஒருவர். தலைமுழுகினால் ஆள் முடிந்தது என்றார் இன்னொருவர். மீன்கூடையோடு நின்ற அக்கா ஒருத்தி, "சரவணை ஊரிலை ஒருத்தர் கம்பி காய்ச்சிச் சூடு போடுறவர். விடியவே போம்" என்றாள்.

"எங்கை போடுவார்?"

"முழங்கைக்கு மேலைதான். கொஞ்சம் மணக்கும், பயப்பிடாதையும்."

நான் பயப்படவில்லை. கதிரையில் இருந்தவன் எழும்ப ஏலாமல் அப்படியே இருந்தேன், அவ்வளவுதான். அப்போதுதான் வாத்தியார் அடுத்த குண்டைப் போட்டார்.

"ஒண்டு சொல்லுறன். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலையும் மிதிச்சிடாதையும். தொத்தினால் பிள்ளை தாங்காது."

சூட்டுக் கம்பி மறந்துபோயிற்று. பிள்ளை மட்டும்தான் மண்டைக்குள் நின்றாள்.

தந்தி அடிக்கிற சிநேகிதர் அலுமாரிக்குள் தடித்த வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். மத்தியானம் அதை விரித்துவைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன். உடம்பு அரிப்பெடுத்துக் கடிக்கும் என்றிருந்தது. உடனே கடித்தது. அலுப்பு வரும் என்றிருந்தது. வந்தது. பசியே இராது என்றிருந்தது. அது மட்டும் எனக்குப் பொருந்தவில்லையே என்று பூசணிக்காய்த் தட்டை வழித்தபடி யோசித்தேன். பக்கத்தின் கடைசி வரி, 'இந்நிலையில் நோயாளி விரைவில்' என்று நின்றது. அடுத்த தாளைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய பக்கம் பேன் தொல்லையைப் பற்றிப் பேசியது. 'விரைவில்' என்ன ஆவான்? அந்த வசனத்தை நானே எழுதி முடித்தேன். கெட்டியாக முடித்தேன், பாடை கட்டுவதற்குப் பச்சைமட்டை வெட்டுகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது.

மனைவிக்குக் கடிதம் எழுதினேன். வேலை வந்துவிட்டது, வர ஏலாது, பிள்ளையைக் கவனி என்று நாலு வரி. மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

துறைமுகத்துக்குப் போய், எல்லோருக்கும் பத்து முழம் தள்ளி நின்றேன். லோஞ்சுக்குக் காத்திருந்தவர்களில் வெள்ளைச் சேலை கட்டி, தோற்பையோடு ஓர் அம்மா நின்றா. பிள்ளைகளைப் பார்க்க அனலைதீவுக்குப் போகிற அரசாங்க மருத்துவமாது என்று லோஞ்சுக்காரன் சொன்னான். கைகளைத் துவாயால் சுற்றிக்கொண்டு, கடிதத்தையும் பஞ்சாயுதத்தையும் தூரத்தில் இருந்தே நீட்டினேன்.

"மிஸி, இதை ஒரு வீட்டிலை குடுத்துவிடுங்கோ. என்ர பிள்ளைக்கு நாளைக்கு முப்பத்தொண்டு."

"நீர் போகேல்லையோ?"

"எனக்குச் செங்கமாரி. கிட்ட வராதையுங்கோ!"

அவ கிட்டத்தான் வந்தா. "ஆர் சொன்னது?"

"வாத்தியார். பிறகு மீன் விக்கிற அக்கா. பிறகு புத்தகம்."

"டாக்குத்தர்?"

அந்த யோசனை எனக்கு வந்திருக்கவே இல்லை என்பதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தபாற் கந்தோரில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி!

அவ என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. காய்ச்சல் உண்டா, வயிற்றைப் பிரட்டுதா, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டா. கடைசியில், "என்ன சாப்பிட்டனீர்?" என்றா. சொன்னேன்.

"எத்தினை நாளாய்?"

"முப்பது நாளாய்."

"முப்பது நாளும் பூசணிக்காயோ! மாட்டுக்கு வைச்சாலும் மாடு கோவிக்கும்."

சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை மாற்றினா. "எனக்கு இது செங்கமாரி மாதிரித் தெரியேல்லை. பப்பாப்பழம் விடாமல் திண்ட பிள்ளை ஒண்டிட்டை இப்பிடிக் கை பாத்தனான். ஆனா நான் டாக்குத்தர் இல்லை. நீர் போறது பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. என்ர சொல்லை மட்டும் நம்பிப் போகாதையும். வெளிக்கிட இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. ஓடும்!"

ஓடினேன். செத்துக்கொண்டிருந்தவன் அப்படி ஓடியதை ஊர்காவற்றுறை அதற்கு முன் கண்டிருக்காது. வேட்டி அணிந்திருந்தால் அது பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

டாக்டர் இளம் ஆள். வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார், சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சோதித்தார். அந்த அஞ்சு நிமிடத்தில் நான் நேர்த்தி வைக்காத தெய்வம் இல்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "செங்கமாரி எண்டால் கண் வெள்ளையும் மஞ்சளிக்கும். உங்கட கண் வெள்ளையாய்த்தான் கிடக்கு. சிறுநீரிலையும் ஒண்டும் இல்லை. இது பூசணிக்காயின்ர நிறம். சாப்பாட்டை மாத்துங்கோ, மெல்ல மெல்லப் போயிடும்."

"அப்ப, சூடு போடத் தேவையில்லையோ?"

"பூசணிக்காய்க்கு வேணுமெண்டால் போடுங்கோ."

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். எழுதித் தரச் சொன்னேன். என் மாமியாரைத் தெரிந்தவன் நான். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்த தேத்தண்ணி போலப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதித் தந்தார்.

திரும்பி ஓடிவந்தபோது லோஞ்சு உறுமிக்கொண்டு நின்றது. மிஸி ஒரு காலைப் படியிலும் மறுகாலை லோஞ்சிலும் வைத்துக்கொண்டு நின்றா. "காலை எடுங்கோ மிஸி!" என்று லோஞ்சுக்காரன் கத்த, "ஆள் வரட்டும், எடுக்கிறன்" என்றா. டாக்டர் எழுதித் தந்த துண்டை ஆட்டிக்கொண்டு ஓடினேன். "பூசணிக்காய்!" என்று கத்தினேன். லோஞ்சில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். நாலு வரிக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டேன். அலை எனக்குத் தேர் இழுத்த மாதிரி இருந்தது.

அடுத்தநாள் பஞ்சாயுதம் கட்டி முடிய, நான் நீட்டிய கையைப் பகல் வெளிச்சத்தில் கண்டதும் மாமியார் "ஐயோ!" என்று பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தா. துண்டை நீட்டினேன். வாசிக்க மூக்குக்கண்ணாடி தேடி, இரண்டு தரம் வாசித்து, என் கண்ணைத் தானும் இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தந்தா. கையில் வந்ததும் மகள் என் மஞ்சட் கை இரண்டையும் நனைத்தாள். முதல் வேலையாக அதன் நிறத்தைத்தான் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகுதான் அழுதேன். அழுது முடிக்க, மருமகனுக்கென்று பனம்பழக் களியில் சுட்டுவைத்த மஞ்சட் பனங்காய்ப் பணியாரம் ஒரு பெட்டி நிறைய முன்னால் வந்தது. அந்தப் பெட்டியை நான் பார்த்த பார்வைக்கு மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் மருந்து சொல்ல நாலு பேர் வருகிறார்கள், நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை எடுக்கிறேன். அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைச் சாகடித்தவர்களைவிட, எல்லாம் கேட்டுவிட்டு 'என்ர சொல்லை மட்டும் நம்பாதையும்' என்று ஓடவிட்ட அந்த அம்மாவின் குரல்தான் இன்றும் எனக்கு முன்னால் ஓடுகிறது.