ஐந்து வாரம் விட்ட ஊசி

லாரி கேபினில் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் டாக்டரிடம் போனேன். சர்க்கரையும் எடையும் ஏறியிருந்தன. "ஏற முடியலன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். முகப்பேர் டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும். பின்முனையைத் திருகி அளவு வைத்து வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். சின்ன அளவில் தொடங்கி மாதத்துக்கு ஒரு படி ஏற்றினார்.

என் அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. ஐயப்பன்தாங்கலில் வீட்டுக்கார அக்காவின் ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அவரே எடுத்துக் கொடுப்பார். மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. பெல்ட்டை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டேன்.

பிறகு நாக்பூர் லோடு வந்தது. அங்கிருந்து இன்னொன்று, அதை இறக்கிய இடத்தில் இன்னொன்று. எனக்கு ஓரிடத்தில் தங்கிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பையே மூன்று ஊரில் படித்து முடிக்காமல் விட்டவன். ஊசி அக்காவின் ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. ஐந்து வாரம் கழித்துத் திரும்பினேன். வரும் புதன்கிழமையே மறுபடி லோடு இருந்தது. வந்த அன்றே, கடைசியாகப் போட்ட அதே அளவை வைத்துக் குத்திக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாந்தி தொடங்கியது. தண்ணீர்கூட நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் சிறுநீர் டீ நிறத்தில் சொட்டியது.

"இன்னா நைனா, கண்ணு ரெண்டும் உள்ள பூந்துகினு கீது? ஏன் சொல்லல?" என்றார் அக்கா.

"சரியா பூடும்க்கா."

"செத்தாகூடத்தான் எல்லாம் சரியா பூடும். ஏறு ஆட்டோல."

"நடுவுல எத்தனை வாரம் போடல?" என்று முகப்பேர் டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வாரம் சார்."

அக்கா என் தோளில் ஓர் அடி போட்டார். "புளுவாத. அஞ்சு வாரமா என் ஃபிரிட்ஜுலதான் கெடந்துச்சு டாக்டர்."

டாக்டர் என்னையே பார்த்தார். "நின்ன வண்டிய நாலாவது கியர்லயா எடுப்பீங்க?"

வாரக்கணக்கில் விட்டுப்போனால் உடம்புக்கு அந்த அளவு மருந்தின் பழக்கம் போய்விடுமாம். அவரைக் கேட்காமல் திரும்பத் தொடங்கவே கூடாதாம். பெரும்பாலும் அடியிலிருந்துதான் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்.

டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மாலையில் ரிப்போர்ட் வந்தது. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, தேறிவிடும், ஆனால் ஒரு மாதம் வெளியூர் போகக் கூடாது என்றார் டாக்டர்.

படுத்தபடியே முதலாளிக்குப் போன் செய்தேன். "சரி, ரெஸ்ட் எடு" என்றார். எப்போது வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். டிரிப் பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.