மெல்போர்னில் ஒரு முறைப்பாசனம்

விடுப்பில் திருவிடைமருதூர் வந்து, நாற்றங்காலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சலீம் பாயின் ஊரான கூத்தாநல்லூரிலிருந்து அழைப்பு வந்தது. பாய் காலமாகிவிட்டார், மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெல்போர்னில் நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தோம். நான் பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்கில் பாடம் நடத்தினேன். பாய் முதியோர் இல்லத்தில் உதவியாளர். ஒருவர் வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர், இன்னொருவர் கிடங்கில் பெட்டி அடுக்குபவர். பெரிய தேசம்தான், ஆனால் நாளைக்கு வேலை உண்டா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் நால்வருமே அன்றாட வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் பதிந்திருந்தோம். விடிகாலையில் கைபேசிக்கு வேலை வரும். முதலில் அழுத்துபவருக்குத்தான் கிடைக்கும். ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு ஒருவருக்கொருவர் போட்டி.

பாய்தான் சொன்னார்: "ஆத்துல தண்ணி கொறஞ்சா ஊர்ல என்ன பண்ணுவோம்? முறை வச்சுத்தானே பாய்ச்சுவோம். இங்கயும் வச்சுக்குவோம்."

ஃபிரிட்ஜ் கதவில் நான்கு பெயர்களை எழுதி ஒட்டினார். அன்றைக்கு யார் முறையோ அவர் மட்டும் அழுத்த வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு வகுப்பு இல்லை என்று பல்கலைக்கழகம் எனக்கு ஒரே வரியில் எழுதியது. மறுநாள் பாயின் முறை. வேலை வந்த நேரம் அவர் தொழுதுகொண்டிருந்தார். நான் அழுத்திவிட்டேன்.

அன்று முழுக்க ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டு கழுவினேன். வீடு திரும்பி உண்மையைச் சொன்னதும், மற்ற இருவரும் என் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். நியாயம்தான். பாய் சிரித்தார்.

"டாக்டர் பட்டம் வாங்குனவருக்குத் தட்டு கழுவ இவ்வளவு ஆசையா?" என்றவர், அவர்கள் பக்கம் திரும்பினார். "சார் பயந்துட்டாரு. வெளியில தள்ளுனா இன்னும்தான் பயப்படுவாரு. பேரு இருக்கட்டும், விடுங்க."

மறுநாள் என் முறை. அவரே கதவைத் தட்டி என்னை எழுப்பினார். அந்த வாரம் முழுவதும் முதியோர் இல்லத்திலும் அவருக்கு வேலை இல்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று எனக்கு அதே பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை. மணிக்கணக்கு ஆசிரியர்களுக்கு வகுப்பு பிரித்துக் கொடுப்பதும் நான்தான். சென்ற பருவத்தில் ஒருவர், சக ஆசிரியைக்குப் போக வேண்டிய வகுப்பைப் பொய் சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்குக் கடுங்கோபம். வகுப்பை அந்த அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, இவர் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். மனிதர் அழுதுவிட்டார்.

இப்போது பாயை உங்களுக்கும் தெரியும்; அந்தக் கேள்வி என்னுடையது இல்லை.