மண்டபத்து மீனுக்கு வந்த நோவு

அதற்குக் கோமாளி மீன் என்று ஒரு பெயர் இருப்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அது மண்டபத்து மீன். இறால் ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, தெற்கே மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கடல்தண்ணீரோடு அதைக் கொண்டுவந்தார். என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். முதுகு கறுப்பு, வயிறும் வாலும் மஞ்சள், உடம்பைச் சுற்றி இரண்டு வெள்ளைப் பட்டைகள். லைட்ஹவுஸ் குப்பத்தில் அதுவரை யாரும் ஒரு மீனை உயிரோடு வீட்டில் வைத்துப் பார்த்தது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இத்த வறுத்தா கொழந்தைக்குக் கூட ஒரு வாய்க்குக் காணாதே" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன்.

பெட்டிக்கடையிலிருந்து வாங்கிய பழைய மிட்டாய் பாட்டில்தான் மீனுக்கு வீடு. தினமும் காலையில் கடல்தண்ணீர் மொண்டுவந்து மாற்றுவது என் வேலை. தீனி அத்தையின் பொறுப்பு. அத்தை நைனாவுக்கு அக்கா. பிள்ளை இல்லை என்று அவள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரிக்கு வடக்கே இருந்த புருஷன் ஊரை விட்டுவிட்டு அவள் எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பகலில் இறால் ஷெட்டில் ஓடு உரிக்கப் போவாள். திரும்பும்போது முந்தானையில் ஒரு துணுக்கு இறால் முடிந்திருக்கும். அதை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். மீன் மேலே வந்து அவள் விரலை முட்டும். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

அம்மாவுக்கு அப்போது ஆறு மாசம். எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அத்தை சோறு போட்டால் அம்மாவுக்குப் பசிக்காது. பிரசவம் வரைக்கும் அக்கா கூடமாட இருக்கட்டும் என்று நைனா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

மண்டபத்தில் இந்த மீன் தனியாக இருக்காது, பூ மாதிரி கைகளை விரித்துக்கொண்டு கிடக்கும் ஒரு பிராணியின் நடுவில்தான் குடியிருக்கும் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது என் மனதை அரித்தது. அந்தப் பிராணிக்கு நான் எங்கே போவேன்? ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஏரிப் பக்கம் சேற்றைத் தோண்டி ஒரு சின்ன நண்டைப் பிடித்துவந்து பாட்டிலில் விட்டேன். கை கால்கள் நிறைய இருந்தன. அது போதும் என்று நினைத்தேன். விளையாடிவிட்டு வந்து பார்த்தபோது மீனின் வாலில் பாதியைக் காணவில்லை. வெளியே எடுக்கும்போது நண்டு என் விரலையும் பிடித்தது. உதறி, வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஷெட்டில் இறால் வரத்து அதிகம் என்பதால் அத்தை அன்றும் மறுநாளும் இருட்டிய பிறகுதான் வந்து தீனி போட்டாள்; யாரும் எதையும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வால் அறுந்த இடத்தில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. முந்தின இரவு போட்ட தீனியை மீன் தொட்டிருக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, செவுளை வேகவேகமாகத் திறந்து மூடியது.

நைனாவுக்கு மீன் பார்க்கத் தெரியும். கரையில் ஏலம் நடக்கும்போது அவர் ஒரு மீனைத் தொட்டால் போதும், அது எப்போது வலையில் பட்டது, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அன்றும் அதையேதான் செய்தார். பாட்டிலுக்குள் கைவிட்டு மீனை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் கிடத்தி, கட்டைவிரல் நகத்தால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"செவுளு செவப்பா கீது. கண்ணு தெளிவா கீது. அமுக்குனா பள்ளம் வுழல. மீனுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்குச் சாஞ்சுனு கீது? இங்க குடு, பாக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

அவரும் செவுளைத் தூக்கினார். வலை தைத்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். கைக்குக் கை மாறும்போது மீனின் மேலிருந்த வழவழப்பு அவர்கள் உள்ளங்கைகளில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் பிறந்ததிலிருந்து மீனோடு வாழ்ந்தவர்கள். மீன் எப்படிக் கெட்டுப்போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு மீனுக்கு உடம்புக்கு வரும் என்று யோசிக்க அவர்களுக்கு ஒருபோதும் அவசியம் நேர்ந்ததில்லை. அவர்கள் அளவுகோலின்படி அது சாகும் வரைக்கும் முதல் தரத்து மீனாகவே இருந்தது. கடைசியில் அம்மா ஒரு பிடி மஞ்சள்தூளைத் தண்ணீரில் போட்டாள்.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்த அத்தை மீனை வெளியே எடுக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிவைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"இது நோவு இல்லடா. நண்டு கடி. வாலைப் பாரு, கத்திரியில வெட்டுன மாதிரி கீது. கடிச்ச எடத்துல அப்பறமா சீக்கு ஏறிக்கிச்சு. கைல எடுக்காதீங்க. தண்ணிய மாத்திக்கினே இருங்க."

"பாட்டிலுக்குள்ள நண்டு எப்பிடிக்கா வரும்? ஏணி போட்டு ஏறிச்சா?" என்றார் நைனா.

"பட்டணத்துலேர்ந்து பஸ் புடிச்சு வந்திருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னா பொண்ணே, நீ எதனா உள்ள வுட்டியா?"

"இல்ல நைனா."

அது போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அத்ததான் தெனமும் பக்கத்துல ஒக்காந்துனு மீனையே பாத்துனு இருக்கும்" என்றேன்.

முதலில் சொன்னது பொய். அடுத்துச் சொன்னது உண்மை. சேதம் விளைவித்தது அந்த உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா எழுந்து உள்ளே போனாள். உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது: "ஒரு மீனுக்கே இப்பிடின்னா..." முடிக்கவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரலைத் திருப்பினாள். நண்டு பிடித்த இடத்தில் இரண்டு சிவந்த புள்ளிகள் இருந்தன. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா வைத்துவிட்டுப் போயிருந்த மஞ்சளை எண்ணெயில் குழைத்து அவள் அதன்மேல் பூசினாள். "தண்ணி படாம வெச்சுக்கோ" என்றாள். முள் குத்தியதாக நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பகலில் மீன் செத்துப்போனது. நைனா அதை எடுத்து மறுபடியும் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இப்பவும் செவப்பாத்தான் கீது" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவுக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். அது முடியும் வரை அத்தையை வீட்டுக்குப் பின்னால் இருக்கச் சொன்னார்கள். அவள் போய் இருந்தாள்.

இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நைனா வலையைக் காலில் மாட்டித் தைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் அத்தையிடம் பேசினார். "கொஞ்ச நாளைக்குத்தான்க்கா, வூட்டுக்காரராண்ட போய் இரு. கொழந்த பொறந்ததும் நானே வந்து இட்னு வரேன்."

"அங்க எனக்கு எடம் எங்கடா கீது? அவ சமைக்கிற அடுப்பாண்ட ஒரு மூல."

"மூணு மாசம்க்கா."

"செரி."

நண்டைப் பற்றி அவள் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

ஏரிக்கரையில் படகு ஏறும்போது அவள் கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. எப்போது வருவாய் என்று கேட்டேன். "தம்பி பொறக்கட்டும்" என்றாள். படகைக் கழி போட்டுத் தள்ளினார்கள். அது தூரம் போகப்போக என் நெஞ்சில் இருந்த கனம் குறைந்தது. அத்தை ஊருக்குப் போய் வரப்போகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தை மாசம் தம்பி பிறந்தான். வீறிட்டு அழுதான், நன்றாகப் பால் குடித்தான். நைனா வடக்கே போகவில்லை. அடுத்த மாசம் போகலாம் என்றார். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார். குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "அவங்கள அனுப்புனப்பறம்தான் இது தங்குச்சு" என்று சொன்னாள். வந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

நானும் நம்பினேன். சேற்றைத் தோண்டியதும் நண்டைப் பாட்டிலில் விட்டதும் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. ஆனாலும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே, அத்தை போனதால்தான் தம்பி பிழைத்தான் என்று மற்றவர்களைப் போலவே நானும் நம்பினேன்.